படகு நேரம் பார்த்து அறை போடுங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். மாமியாருக்கு எழுபது வயது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். மே விடுமுறையில் அந்தமான் போக ஆசை. சொகுசுக் கப்பல் பயணமெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. தீவு விட்டுத் தீவு நாங்களாகவே போய்வர முடியுமா?
- வாசகி, தாம்பரம் சானடோரியம்

பதில்: தாராளமாக முடியும். அந்தமானில் தீவுகளுக்கிடையே போகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். அங்கே சொகுசுக் கப்பலுக்கு வேலையே இல்லை.

அதிகாலை விமானமாக எடுத்தால், திரிசூலம் வரை மின்சார ரயில், இரண்டு மணி நேரச் சொச்சம் விமானம், காலைப் பலகாரம் ஸ்ரீ விஜயபுரத்தில். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் வைத்த பெயர் அது. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷகீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் மாறின. படகுத் துறையில் பழைய பெயரும் புதுப் பெயரும் கலந்துதான் புழங்குகின்றன. டிக்கெட்டில் ஸ்வராஜ் என்றிருக்கும், ஆட்டோக்காரர் ஹேவ்லாக் என்பார். இரண்டும் ஒன்றே; பதற வேண்டாம்.

படகு இரண்டு வகை. அரசின் கப்பல் இயக்குநரகம் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து விடுவது ஒன்று. கட்டணம் மலிவு. ஸ்வராஜ் தீவுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். தீவுவாசிகள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வரும் படகு அது. அவர்களுக்குத் தனிக் கட்டணம், அவர்களுக்கே முன்னுரிமை, அதுதான் நியாயமும். முன்பதிவு பயணத்துக்குச் சில நாள் முன்புதான் திறக்கும், ஐந்து இடம் சேர்ந்தாற்போலக் கிடைப்பது அதிர்ஷ்டம். மற்றது மேக்ரஸ், நாட்டிக்கா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகள். வேகமானவற்றில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கட்டணம் அரசுப் படகைப்போலப் பல மடங்கு. ஆனால் வாரக்கணக்கில் முன்னதாகவே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வயதானவரும் பிள்ளைகளும் இருக்கும் குடும்பம் தனியார் படகுக்கே காசைச் செலவழிப்பது மேல். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் விடுதி அறையில் பிடியுங்கள்.

பலர் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் விடுதிகளை முன்பணம் கட்டிப் பிடித்துவிட்டு, அப்புறம் படகு தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். படகு கிடைத்த நாளைப் பார்த்து அறை போடுங்கள். ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ், ஷகீத், மறுபடி ஸ்ரீ விஜயபுரம் என்று முக்கோணமாகச் சுற்றினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஸ்வராஜிலிருந்து ஷகீத் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குங்கள். காலையில் ஷகீதில் படகேறி மதியம் விமானம் பிடிக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால் நம்பாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று, சூரியன். கடிகாரம் சென்னையில் ஓடுவதுதான் அங்கேயும். ஆனால் தீவுகள் கிழக்கே தள்ளி இருப்பதால் பொழுது ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி விடிந்து, முந்தி சாய்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டு. படகுப் போக்குவரத்தும் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே வந்திறங்கிய அன்றே ஸ்வராஜுக்கு ஓடாமல், செல்லுலார் சிறையையும், அபர்தீன் படகுத் துறையிலிருந்து ராஸ் தீவையும் பாருங்கள். ராஸுக்குப் படகு ஷேர் ஆட்டோ மாதிரி. ஏறி உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் இறக்கிவிடும்.

மே மாதம் என்கிறீர்கள். முதல் பாதியில் போய் வந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன், மே 20ஐ ஒட்டியே அந்தமான் கடலை எட்டிவிடும். அதன்பின் அலை பெரிதாகும். வேகப் படகுகள் கண்ணாடி அடைத்த ஏசிப் பெட்டிகள். குமட்டினால் வெளியே வந்து காற்று வாங்க வழியிருக்காது. கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அல்லது பின்வரிசை இருக்கையாகக் கேளுங்கள். மாமியாருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து ஓடுகிறதென்றால், வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ஐந்து பேருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளைப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன் காத்திருந்து, ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் வரிசை கட்டிப் போகும் வண்டிகளோடு போக வேண்டும். வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அந்தக் காட்டுக்குள் செல்லும் சாலையை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; சாலை இன்றும் திறந்திருக்கிறது. மாமியாரின் முதுகுக்காக மட்டுமல்ல, அந்த மக்களுக்காகவும் இதை விட்டுவிடலாம்.

கேள்வி: விமானமே வேண்டாம், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் என்ன?
- வாசகர், பெருங்களத்தூர்

பதில்: போகலாம். நான்கவுரி, நிக்கோபார் போன்ற பயணிகள் கப்பல்கள் பல ஆண்டுகளாக ஓடும் தடம் அது. மூன்று நாள் போல ஆகும். ‘பங்க்’ வகுப்பில் வரிசையாகப் படுக்கைகள், சாப்பாடு கேன்டீனில். பயணத் தேதி மாதத்துக்குச் சில முறைதான், அதுவும் மாறும். திரும்பி வரும் தேதி உங்கள் லீவோடு பொருந்துவது அபூர்வம். ஓய்வு பெற்றவருக்கும் கல்லூரி மாணவருக்கும் நல்ல அனுபவம்; ஒரு வார லீவுக்காரருக்கு ஆகாது. ஹெலிகாப்டர் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பவன் ஹன்ஸ் ஓட்டுகிறது. நோயாளிகளும் தீவுவாசிகளும் ஏறியது போக இடமிருந்தால்தான் சுற்றுலாப் பயணிக்கு. 2011இல் தொடங்கிய கடல் விமானம் நீடிக்கவில்லை.

கேள்வி: டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போகலாமா?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும், கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். பெரும்பாலும்தான். 2016 டிசம்பர் 12 அன்று தாம்பரத்தையும் வண்டலூர் உயிரியல் பூங்காவையும் மரங்களோடு சாய்த்த வர்தா புயல் நினைவிருக்கிறதா? அது நம்மிடம் வருவதற்குச் சில நாள் முன், காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக அந்தமான் பக்கம் சுற்றியபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். படகில்லை. கடற்படைக் கப்பல்கள்தான் போய் மீட்டன. டிசம்பர் முதல் பாதியைத் தவிர்த்து, கையில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டு போங்கள். தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதும் வீண் செலவல்ல.

கேள்வி: அந்தமான் தூரம். இந்தி வராது. தமிழ் பேசியே சுற்றக்கூடிய தீவுகள் பக்கத்தில் உண்டா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: அந்தமானிலேயே தமிழ் தாராளமாகப் புழங்கும், 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 15 சதவீதம் பேரின் தாய்மொழி அது. அதைவிடவும் நெருக்கமாக வேண்டுமென்றால் யாழ்ப்பாணத் தீவுகள். 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்ற நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நான்கு மணி நேரப் பயணம். கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறினால் விடிய நாகை. கடவுச்சீட்டும் இலங்கைக்கான பயண அனுமதியும் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நின்றுவிடுகிறது. அது ஓடுகிறதா என்று உறுதி செய்த பிறகே விடுப்பு எழுதிக் கொடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவு வழியாகப் பஸ்ஸிலேயே குறிகட்டுவான் துறைக்குப் போய்விடலாம். அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரம். நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் நாகவிகாரைக்குப் போகிற சிங்களக் குடும்பங்களும் ஒரே படகில் வருவார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை உண்டு; அங்குள்ளவர்கள் அதைப் ‘பாதை’ என்பார்கள்.

நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்தே படகு. ஒரு மணி நேரம். ஒல்லாந்தர் கோட்டையின் பவளக்கல் சுவர்களும், கட்டுவாரில்லாமல் திரியும் குதிரைகளும், பெருக்க மரமும் பார்க்க ஒரு நாள் போதும். ஆனால் தங்க இடம் குறைவு, திரும்பும் படகுகளும் குறைவு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.