மென்பொருள் செயற்றிட்ட முகாமைத்துவம்: கலைச்சொற்களும் அவற்றின் பயன்பாடும்

இவ்வலகில் வரும் சொற்களுக்கு வரைவிலக்கணம் எழுதும் மாணவர் பலர், அதே சொல்லைச் சிறு சம்பவம் ஒன்றில் பொருத்திக் காட்டுமாறு கேட்டால் தடுமாறுவர். வரைவிலக்கணத்துக்கு ஒன்றிரண்டு புள்ளிகளே கிடைக்கும். கூடுதலான புள்ளிகள் பிரயோக வினாவிலேயே உள்ளன. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஒரு தீர்மானத்தின் பெயராக நினைத்துப் படியுங்கள்.

செயற்றிட்டம் என்பது தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்ட, தனித்துவமான விளைவொன்றைத் தரும் முயற்சியாகும். பாடசாலை நூலகத்துக்குப் புதிய மென்பொருள் ஆக்குவது செயற்றிட்டம். அந்நூலகத்தில் நாளாந்தம் நூல் இரவல் கொடுப்பது செயற்றிட்டமன்று, அது வழமையான பணி.

எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்று வரையறுப்பது விடயப்பரப்பு ஆகும். இரண்டாவது பகுதியை மாணவர் எழுதாமல் விடுவதுண்டு. நூல் இரவல் கொடுக்கும் மென்பொருளுக்கு ஒப்பந்தம் செய்த பின்னர், “தண்டப்பணமும் கணிக்கட்டும்”, “மாணவர் வரவையும் பதியட்டும்” என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் விடயப்பரப்பு வீங்குகிறது என்போம். காலமும் செலவும் மாறாதிருக்க வேலை மட்டும் கூடினால் குறையப்போவது தரமே. விடயப்பரப்பு, காலம், செலவு ஆகிய மூன்றும் செயற்றிட்டத்தின் மட்டுப்பாடுகள் எனப்படும்.

அடுத்து, ஒன்றோடொன்று குழம்பும் மூன்று சொற்கள். செயற்பாடு என்பது காலம் எடுக்கும் வேலை (உதாரணம்: தரவுத்தளத்தை வடிவமைத்தல்). கையளிப்பு என்பது அவ்வேலையின் முடிவில் கையில் கிடைக்கும் பொருள் (வடிவமைப்பு ஆவணம்). மைல்கல் என்பது ஒரு கட்டம் முடிந்ததைக் காட்டும் குறி (வடிவமைப்பு ஆவணம் அங்கீகரிக்கப்பட்டமை). மைல்கல்லின் கால அளவு பூச்சியமாகும். “மைல்கல் இரண்டு வாரம் எடுக்கும்” என்று எழுதினால் அவ்விடை பிழையாகும்.

செயற்பாடுகளைக் காலக்கோட்டின் மேல் சலாகைகளாக வரைந்து காட்டுவது கன்ட் வரைபடம். அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி கன்ட் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. எவ்வேலை எப்போது நடக்கும் என்பதை அது தெளிவாகக் காட்டும். எந்த வேலை பிந்தினால் முழுச் செயற்றிட்டமும் பிந்தும் என்பதை அறிய அவதிப் பாதை வேண்டும். இம்முறை 1950களின் பிற்பகுதியில் டியூபொன்ட் இரசாயனக் கம்பனியின் வேலைகளுக்காக உருவானது.

கணித்துப் பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் இருப்பது வாரங்கள்.

அ: தேவைகளைச் சேகரித்தல் (2)
ஆ: தரவுத்தள வடிவமைப்பு (3), அ முடிந்த பின்
இ: திரை வடிவமைப்பு (2), அ முடிந்த பின்
ஈ: செய்நிரலாக்கம் (5), ஆ, இ இரண்டும் முடிந்த பின்
உ: பயனர் கைந்நூல் எழுதுதல் (2), இ முடிந்த பின்
ஊ: சோதித்தல் (2), ஈ முடிந்த பின்
எ: பயனர் பயிற்சி (1), உ, ஊ இரண்டும் முடிந்த பின்

தொடக்கத்திலிருந்து முடிவுவரை மூன்று பாதைகள் உள்ளன. அ-ஆ-ஈ-ஊ-எ 13 வாரம், அ-இ-ஈ-ஊ-எ 12 வாரம், அ-இ-உ-எ 7 வாரம். மிக நீண்டதே அவதிப் பாதை. எனவே இச்செயற்றிட்டத்தை முடிக்கக்கூடிய மிகக் குறைந்த காலம் 13 வாரமாகும். “மிக நீண்ட பாதை எப்படி மிகக் குறைந்த காலத்தைத் தரும்?” என்று வகுப்பில் கேட்பார்கள், நல்ல கேள்வி. எல்லாப் பாதைகளும் முடிந்தாலே வேலை முடியும், ஆகவே கடைசியாக முடியும் பாதைக்காக மற்றவை காத்திருக்க வேண்டும்.

முடிவுத் திகதியைப் பாதிக்காமல் ஒரு செயற்பாடு பிந்தக்கூடிய அளவு மிதப்பு எனப்படும். அவதிப் பாதையிலுள்ள செயற்பாடுகளுக்கு மிதப்பு பூச்சியம். இ-க்கு 1 வாரம், உ-க்கு 6 வாரம். இப்போது இ இரண்டு வாரம் பிந்தியது என்று கொள்வோம். மிதப்பு ஒரு வாரமே என்பதால் செயற்றிட்டம் 14 வாரமாகும், அவதிப் பாதையும் அ-இ-ஈ-ஊ-எ என மாறிவிடும். அவதிப் பாதை ஒருமுறை கணித்துவிட்டு மூடிவைப்பதன்று என்பதை இது காட்டுகிறது.

பிந்திய வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் என்ன? ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரிய மென்பொருள் வேலையொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில், பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்ப்பது அதை மேலும் பிந்தச் செய்யும் என்றார். புதியவருக்குப் பழையவர் கற்பிக்க வேண்டும். தொடர்பாடலும் பெருகும்: 4 பேருக்கிடையே 6 இணைப்புகள், 8 பேருக்கிடையே 28 இணைப்புகள். வயல் அறுக்க ஆள் கூட்டுவது போன்றதன்று இது.

இனி அமுலாக்க முறைகள். பழைய முறைமையை நிறுத்தி அன்றே புதியதைத் தொடங்குவது நேரடி அமுலாக்கம். இரண்டையும் சிலகாலம் ஒன்றாக இயக்குவது சமாந்தர அமுலாக்கம். ஓரிடத்தில் மட்டும் முதலில் இயக்கிப் பார்ப்பது முன்னோடி அமுலாக்கம். பகுதி பகுதியாகக் கொண்டுவருவது அவத்தை அமுலாக்கம். செலவு குறைந்தது நேரடி முறை, இடர் கூடியதும் அதுவே.

இச்சொற்கள் யாவும் ஒரே சம்பவத்தில் பொருந்துவதை இலண்டன் அம்புலன்ஸ் சேவையில் காணலாம். தொலைபேசி அழைப்பைப் பெற்று அருகிலுள்ள வண்டியைக் கணினியே தெரிவுசெய்யும் முறைமைக்கு 1991இல் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 1992 ஜனவரி 8இல் முடியவேண்டும் என்று காலம் குறிக்கப்பட்டது. தெரிவானது குறைந்த விலைக் கேள்வி. காலமும் செலவும் இறுக்கப்பட்டன, விடயப்பரப்போ மிகப் பெரிது. அக்கறையுடையோர், அதாவது முறைமையால் பாதிக்கப்படும் எல்லாத் தரப்பினரும், போதியளவு கலந்துகொள்ளவில்லை. சாரதிகளும் கட்டுப்பாட்டறை ஊழியரும் அதில் நம்பிக்கை வைக்கவில்லை. முழுச் சுமையுடன் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

தீர்க்கப்படாத குறைபாடுகள் இருக்கும்போதே, 1992 ஒக்டோபர் 26இல் இலண்டன் முழுவதும் கடதாசியைக் கைவிட்டு அம்முறைமைக்கு மாறியது. வண்டிகள் நிற்கும் இடம் கணினிக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரே இடத்துக்கு இரு வண்டிகள் போயின, வேறிடத்துக்கு ஒன்றும் போகவில்லை. காத்திருந்தோர் மீண்டும் மீண்டும் அழைத்ததால் அழைப்புகள் மேலும் பெருகின. மறுநாள் பகுதியளவில் பழைய முறைக்குத் திரும்பினர். நவம்பர் 4 அதிகாலையில் முறைமை முற்றாக நின்றது. செய்நிரலில் இருந்த சிறு பிழையொன்று, பயன்படுத்திய நினைவகத்தை விடுவிக்காமல் சிறிது சிறிதாக நிரப்பியிருந்தது. அதைப் பொறுப்பேற்க வேண்டிய மாற்று ஏற்பாடும் இயங்கவில்லை. நோயாளி வாசலில் காத்திருக்கையில் “இடர் முகாமைத்துவம்” என்ற சொல்லின் பொருள் இதுதான்.

பயிற்சி வினா: மேற்படி சம்பவத்துக்குப் பொருத்தமான அமுலாக்க முறையொன்றைக் குறிப்பிட்டுக் காரணம் தருக.

விடைக் குறிப்பு: முன்னோடி அல்லது அவத்தை அமுலாக்கம். பிழை நேர்ந்தாலும் பாதிப்பு ஒரு பகுதியுடன் நிற்கும், அப்பிழையைத் திருத்திய பின் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். சமாந்தர முறை என எழுதுவோர், ஒரே வண்டியை இரு முறைமைகள் வெவ்வேறிடத்துக்கு அனுப்பக்கூடும் என்பதைக் கவனித்து, எதன் கட்டளை செல்லுபடியாகும் என்பதையும் எழுத வேண்டும்.