ஒரு சொல், பல பொருள்: லைன்

தாராவியில் ஒரு அம்மா இருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. விடியுமுன் எழுந்து இட்லி அவிப்பார். மகன் அதைச் சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாக விற்று வருவான்.

செம்பூரில் அம்மாவின் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போக வேண்டும். மகனுக்கு வியாபாரம். தனியாகத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வழி கேட்டார்.

“சயான்ல வண்டி ஏறுங்க மதினி. அடுத்த ஸ்டேஷன் குர்லா. அங்க இறங்கி லைன் மாறணும். பெறவு ரெண்டாவது ஸ்டேஷன் செம்பூர்” என்றாள் அவள்.

லைன் என்ற சொல் அம்மாவுக்குத் தெரியும். ஊரில் ரயில் லைன் ஓரமாக ஆடு மேய்த்தவர்தான்.

குர்லாவில் இறங்கினார். எங்கும் கூட்டம். எதிரே தண்டவாளம். அதற்கு அப்பால் இன்னொரு மேடை. ‘லைன் மாறணும் என்றால் இதைத் தாண்டித்தானே போகணும்’ என்று நினைத்தார். மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். “முருகா” என்று சொல்லிக்கொண்டே காலைக் கீழே தொங்கவிட்டார்.

“தாயி! என்ன செய்றீய?”

ஒரு பெரியவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். சற்று நேரத்தில் அந்தத் தண்டவாளத்தில் ஒரு வண்டி நிற்காமல் பாய்ந்து போனது.

அம்மாவுக்கு உடம்பு நடுங்கியது. “லைன் மாறணும்னு சொன்னாக, அய்யா” என்றார்.

“லைன் மாறுறதுன்னா தண்டவாளத்தைத் தாண்டுறது இல்ல, தாயி. சென்ட்ரல் லைன் வண்டியை விட்டு ஹார்பர் லைன் வண்டியில ஏறணும். படி ஏறிப் பாலம் வழியாப் போங்க” என்றார் பெரியவர். தாமே பாலம் வரை கூட வந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் தவறாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அந்தச் சொல் தெரியும். ஆனால் ஒருவர் நினைத்த பொருள் வேறு. மற்றவர் கொண்ட பொருள் வேறு. அதில் ஓர் உயிரே போயிருக்கும்.

எத்தனை லைன்?

லைன் என்பது ஆங்கிலச் சொல். நாம் நாள்தோறும் பேசுகிறோம். அதன் பொருள்களைப் பாருங்கள்.

ரேஷன் கடையில் லைன் என்றால் வரிசை.

‘லைனைக் கடக்காதே’ என்றால் தண்டவாளம். தண்டவாளத்தின் குறுக்கே நடப்பது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி குற்றம்.

‘எந்த லைன் வண்டி?’ என்றால் ரயில் போகும் பாதை. மாட்டுங்கா, சயான், குர்லா ஆகியவை சென்ட்ரல் லைனில் உள்ளன. செம்பூர் ஹார்பர் லைனில் உள்ளது. மாட்டுங்கா ரோடு என்று இன்னொரு ஸ்டேஷனும் உண்டு. அது வெஸ்டர்ன் லைன். பெயரைப் பாதி படித்தால் வேறு ஸ்டேஷனில் போய் நிற்க நேரும்.

‘லைன் அறுந்து கிடக்கு’ என்றால் மின்கம்பி. அதைத் தொடக்கூடாது. அருகில் போகவும் கூடாது.

‘லைனில் இருங்கள்’ என்று போனில் சொன்னால், போனை வைத்துவிடாதீர்கள் என்று பொருள்.

‘அவர் என்ன லைன்?’ என்றால் தொழில். தோல் லைன், தையல் லைன் என்று தாராவியில் சொல்வார்கள்.

படிவத்தில் லைன் என்றால் கோடு. புத்தகத்தில் லைன் என்றால் வரி.

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலேயர் வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். அவற்றுக்கும் லைன் என்று பெயர். அங்குள்ள தமிழர் வாயில் அது ‘லயம்’ ஆகிவிட்டது.

எல்லாம் ஒரு நூல்தான்

லைன் என்ற சொல்லின் வேர் லத்தீன் என்ற பழைய மொழியில் இருக்கிறது. அங்கே அதற்கு ஆளிச்செடி நாரில் திரித்த நூல் என்று பொருள். நூலை இழுத்துப் பிடித்தால் கோடு. ஆட்கள் கோடு போல நின்றால் வரிசை. கோடு போல நீண்டு போனால் பாதை, கம்பி. இப்படிப் பொருள் பெருகியது.

தையல்காரர் சட்டைக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியும் அந்த ஆளிச்செடி வழியில் வந்த பெயர்தான்.

தமிழிலும் இப்படி உண்டு. நூல் என்றால் இழை. நூல் என்றால் புத்தகம். வரி என்றால் எழுத்து வரி. வரி என்றால் அரசுக்குக் கட்டும் பணம். படி என்றால் ஏறும் படி. படி என்றால் அரிசி அளக்கும் படி. ‘நீ படி’ என்றால் வேறு பொருள். இவற்றில் நமக்குக் குழப்பம் வருவதில்லை. ஏன்? பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொருள் கொள்கிறோம்.

லைனுக்கும் அதே வழிதான். பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அப்போதும் ஐயம் வந்தால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

அந்த அம்மா மாலையில் செம்பூரிலிருந்து திரும்பினார். குர்லாவில் இறங்கினார். பாலத்துக்குப் போகுமுன் ஒருவரிடம் கேட்டார்: “சயான் போற வண்டி எந்த மேடையில வரும்?” லைன் என்ற சொல்லே தேவைப்படவில்லை. பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்.

பயிற்சி

1. கீழே உள்ள வாக்கியங்களில் லைன் என்பதற்கு என்ன பொருள்?
அ. தண்ணீர் பிடிக்க லைனில் நின்றாள்.
ஆ. மழையில் லைன் அறுந்து விழுந்தது.
இ. கடிதத்தில் கடைசி லைனைப் படி.

2. ‘கட்’, ‘பாஸ்’, ‘செட்’ ஆகிய சொற்களை எந்தெந்தப் பொருளில் பேசுகிறீர்கள்? வீட்டில் கேட்டு எழுதுங்கள்.

3. புதிதாக வந்த ஒருவருக்கு உங்கள் வீட்டுக்கு வழி சொல்லுங்கள். லைன் என்ற சொல் வராமல் நான்கு வரி எழுதுங்கள்.