கிட்டாரா, பேஸ் கிட்டாரா?
(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள் பெரியோர்கள். முதன்முதலாக இசைக் கருவி வாங்கப் புறப்படும் மாணவனுக்கு இப்பழமொழி நன்றாகவே பொருந்தும். சென்ற ஆண்டு நான் அந்த நிலையில் நின்றேன். என் பெற்றோர் சோமனூரில் ஒரு தறிக் குடோனில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கிட்டார் கற்க வேண்டும் என்ற என் நெடுநாள் ஆசைக்காக, அம்மா தாம் கட்டி வந்த சீட்டை எடுத்து 14,000 ரூபாய் தந்தார். கூடவே ஒரு சொல்லும் சொன்னார்: "ரெண்டாந் தடவை வாங்கித் தர முடியாது கண்ணு. நல்லா யோசிச்சு ஒண்ணே ஒண்ணாச் சொல்லு."

அந்தச் சமயத்தில்தான் நம் கல்லூரி மெல்லிசைக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். கிட்டார் வாசிக்க ஐந்து பேர் வந்து நின்றார்கள். பேஸ் கிட்டாருக்கு ஒருவரும் இல்லை. "நீதான் இன்னும் எதையும் வாங்கலையே தம்பி, பேஸ் கத்துக்கயேன்" என்றார் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர். அன்று முதல் ஒரு மாத காலம் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடி நான் அறிந்தவற்றை, என்னைப் போல் தொடங்க எண்ணும் நண்பர்களுக்காக இங்கே தருகிறேன்.

சுரமானி சொல்லும் பாடம்

கிட்டாருக்கு ஆறு கம்பிகள். பருத்த கம்பியிலிருந்து தொடங்கினால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்ப்பது வழக்கம். பேஸ் கிட்டாருக்குப் பொதுவாக நான்கு கம்பிகள். அவையும் அதே ஈ, ஏ, டி, ஜி தாம். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரின் பருத்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 82.4 முறை அதிர்கிறது. பேஸின் பருத்த கம்பி 41.2 முறை, அதாவது சரிபாதி.

இந்தப் பாதியை எப்படிக் கொண்டு வருவது? நாம் சோதனைக்கூடத்தில் சுரமானியை வைத்துச் செய்த சோதனையை நினைவுகூருங்கள். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண், நீளத்துக்கு எதிர் விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையினுடைய வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்திலும் அமையும். பிரெஞ்சு நாட்டு மெர்சென் 1636-ஆம் ஆண்டிலேயே இவ்விதிகளை நூலாக வெளியிட்டார்.

நீளத்தை மட்டும் கூட்டிப் பாதியாக்குவது என்றால், கிட்டாரின் 25.5 அங்குலக் கம்பி 51 அங்குலம் ஆக வேண்டும், கை எட்டாது. இழுவிசையை மட்டும் குறைப்பது என்றால் நாலில் ஒரு பங்காக்க வேண்டும். கம்பி துணிக்கொடி போலத் தொய்ந்துவிடும். ஆகவே கருவி செய்வோர் நடுவழி கண்டனர். நீளத்தை 34 அங்குலமாக்கி, கம்பியையும் நன்றாகப் பருமனாக்கினர். கிட்டாரின் பருத்த கம்பி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பேஸின் பருத்த கம்பி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல்.

இதன் பலன் நம் விரலுக்கு வந்து சேரும். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த கட்டைகளில் முதலாவது, கிட்டாரில் மேல்முனையிலிருந்து 36 மில்லிமீட்டரில் இருக்கும். பேஸில் 48 மில்லிமீட்டரில் இருக்கும். எனவே பேஸ் பிடிக்க விரலை அகட்ட வேண்டும், அழுத்தமும் கூடுதலாக வேண்டும். விரல் சிறியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. 30 அங்குல அளவிலும் பேஸ் கிட்டார்கள் கிடைக்கின்றன.

எது எளிது?

'நாலு கம்பிதானே, பேஸ் எளிது' என்று பலர் சொல்வார்கள். இது பாதி உண்மை. கிட்டாரில் ஒரு 'கார்டு' பிடிக்க மூன்று நான்கு விரல்கள் ஒரே நொடியில் தத்தம் இடத்தில் அமர வேண்டும். முதல் மாதம் விரல்நுனி எரியும். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குள் பாட்டு போய்விடும். பேஸில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். முதல் வாரத்திலேயே ஒரு பாட்டுக்குத் துணையாக வாசித்துவிடலாம்.

ஆனால் அந்த எளிமை அவ்வளவோடு சரி. மிருதங்கத்தை எண்ணிப் பாருங்கள். வலந்தலையின் சொற்கள்தாம் சபையில் கைதட்டல் பெறும். ஆயினும் தொப்பியின் கும்கி இல்லாவிட்டால் வாசிப்பு வெறும் ஓடாகிவிடும். கச்சேரிக்கு முன் தொப்பியின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். நிறை கூடினால் சுருதி இறங்கும் என்ற அதே விதிதான் அங்கும். மெல்லிசையில் பேஸ் கிட்டார் தொப்பியின் வேலையைச் செய்கிறது. டிரம்ஸோடு கைகோத்துத் தாளத்தைத் தாங்க வேண்டும். சற்றே முந்தினாலும் பிந்தினாலும் குழு முழுவதும் தள்ளாடும்.

இன்னொரு பொறுப்பும் உண்டு. கிட்டார் சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்களை ஒலிப்பதாகக் கொள்வோம். அடியில் பேஸ் 'சி'யை வாசித்தால் அது சி மேஜர். தெளிந்த, மகிழ்ச்சியான சாயல். அதே மூன்று சுரங்களுக்கு அடியில் பேஸ் 'ஏ'யைத் தொட்டால் அது ஏ மைனர் செவன் ஆகிவிடும். சாயலில் ஏக்கம் படரும். கிட்டார்காரர் விரலை அசைக்கவே இல்லை. பொருளை மாற்றியவர் பேஸ்காரர். இதை அறிந்த நாளில்தான் பேஸ் மீது எனக்கு மதிப்பு வந்தது.

தோற்றவர்களின் கருவியா?

'கிட்டார் வராதவன் பேஸ் வாசிப்பான்' என்று ஒரு கேலி உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. முன்பு தாழ்ந்த சுரங்களுக்கு ஆள் உயரத்தையும் தாண்டும் டபுள் பேஸ்தான் இருந்தது. தூக்கிச் செல்வது கடினம். டிரம்ஸுக்கும் எக்காளத்துக்கும் நடுவே அதன் ஓசை அமுங்கிவிடும். கட்டை பதித்த மின் பேஸ் 1930-களிலேயே முயலப்பட்டது. எனினும் உலகெங்கும் பரவியது, கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்'தான். கட்டை இருப்பதால் சுரம் பிசகாது என்பதே அப்பெயரின் பொருள்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி முதலில் கிட்டார்காரர். 1961-இல் குழுவின் பேஸ் கலைஞர் ஓவியம் பயில விலகியபோது, யாரும் விரும்பாத அந்த இடம் அவருக்கு வந்தது. அமெரிக்காவின் கரோல் கேயும் தேர்ந்த கிட்டார் கலைஞரே. 1963-இல் ஓர் ஒலிப்பதிவுக்குப் பேஸ் கலைஞர் வராமற்போக, அவர் அதைக் கையில் எடுத்தார். பின்னர் அதிலேயே பெரும்புகழ் பெற்றார். இருவரும் இறங்கி வரவில்லை. தேவைப்பட்ட இடத்தை நிரப்பினார்கள்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைப்பதற்கு முன் பிற இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்தவர். அந்தக் கிட்டார்காரர்தாம் பின்னர் தம் பாடல்களில் பேஸுக்கெனத் தனியே ஒரு மெட்டுப் போல எழுதிக் கொடுத்தார். அவற்றை நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமானின் பாடல்கள் பலவற்றில் பேஸ் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். பாடகர் பெயர் தெரிந்த நமக்கு இப்பெயர்கள் தெரியாது. ஓசை மட்டும் தெரியும்.

காதுக்கு ஒரு சோதனை

அந்த ஓசையும் தெரியாது என்பவர்களுக்கு ஒரு காரணம் உண்டு. நாம் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறோம். அதன் சிறு ஒலிபெருக்கி 41 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. மேற்சுரங்கள் மட்டும் வருகின்றன. அவற்றைக் கொண்டு அடிச்சுரத்தை மூளை ஊகித்துக் கொள்கிறது. அதே பாட்டைச் சோமனூர் பஸ்ஸின் பின் இருக்கையில், ஒலிபெருக்கிக்கு அடியில் அமர்ந்து கேளுங்கள். பேஸ் காதில் விழுமுன் இருக்கைக் கம்பியில் கைக்குத் தெரியும். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை அப்படிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் மனம் கிட்டாரின் பின்னே போகிறதா, அடியில் நடக்கும் பேஸின் பின்னே போகிறதா? நான் என்னையறியாமல் பேஸுக்குத்தான் தாளம் போட்டுக் கொண்டிருந்தேன். எங்கள் வீட்டாருக்கு அந்தக் காது இயல்போ என்னவோ. எட்டுத் தறி ஓடும் குடோனில் ஒன்று நின்றால், அம்மா திரும்பிப் பாராமலே அறிவார்.

முடிவு செய்யுமுன்

மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். முதலாவது, உங்களோடு வாசிக்க ஆள் உண்டா? தனியே அமர்ந்து பாடிக்கொண்டே வாசிக்க விரும்பினால் கிட்டாரே ஏற்றது. பேஸுக்குத் துணை வேண்டும். இரண்டாவது, கையில் எவ்வளவு உண்டு? மரக் கிட்டார் ஒன்றை வாங்கினால் செலவு முடிந்தது, மின்சாரமும் தேவையில்லை. பேஸுக்கு ஒலிபெருக்கியும் வயரும் சேர்ந்து வேண்டும். நான் விசாரித்த கடையில் கிட்டார் 6,000 ரூபாய்க்கு இருந்தது. பேஸுக்கும் சிறு ஒலிபெருக்கிக்கும் சேர்த்து என் 14,000 சரியாக இருந்தது. மூன்றாவது, உங்கள் காது எதைத் தேடுகிறது? முதல் இரண்டு கேள்விக்கும் ஒருவாறு சமாதானம் செய்யலாம்; மூன்றாவதை மட்டும் ஏமாற்ற முடியாது. தவறாகத் தேர்ந்துவிட்டாலும் முழு இழப்பு இல்லை. நான்கு கம்பிகளின் பெயர் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் கற்றது மற்றதில் உதவும்.

நான் பேஸ் கிட்டார் வாங்கினேன். வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பேன். வெளியே 'டொக், டொக்' என்ற கம்பியோசை மட்டும் கேட்கும். "இதுக்கா அவ்வளவு பணம்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கல்லூரி நாள் விழாவுக்கு அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் இரண்டாவது பாட்டின் நடுவே என் வயர் கழன்றது. மாட்டி முடிக்கச் சில வினாடிகள் ஆயின. பாட்டு நிற்கவில்லை, அரங்கில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அம்மா கேட்டார்: "ரெண்டாவது பாட்டுல நடுவுல ஒரு தறி நின்னாப்பல இருந்துச்சே, ஏங்கண்ணு?"

"அது நான்தாம்மா" என்றேன்.

அடுத்த ஆண்டு எனக்கு இறுதியாண்டு. அதன்பின் குழுவுக்குப் பேஸ் வாசிக்க ஆள் வேண்டும். முதலாண்டு நண்பர்களில் விருப்பமுள்ளவர்கள் மாலையில் ஒத்திகைக்கு வந்து என் கருவியை மடியில் வைத்துப் பார்க்கலாம். வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.