மலையேறும் உருளைக்கிழங்கு

தோல் சீவிய உருளைக்கிழங்கு ஒரு கிலோவில் முக்கால் கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர். உலர்த்தினால் 200 கிராம் சொச்சம்தான் தேறும். மலையேறப் போகிறவரின் முதுகுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் இதை வீட்டில் செய்யச் சொல்லித் தரும் யோசனைகளில் பல, கிழங்கைக் கட்டையாக்கிவிட்டுத்தான் ஓய்கின்றன.

‘பச்சையாகச் சீவி மொட்டைமாடியில் போட்டால் போதும், வற்றல் மாதிரிதானே?’ என்பதுதான் அதிகம் கேட்கும் பேச்சு. வற்றல் வேறு, இது வேறு. சுண்டைக்காயும் மோர் மிளகாயும் உப்பிலும் மோரிலும் ஊறிக் காய்ந்து, கடைசியில் எண்ணெயில் பொரிபடுகின்றன. முகாமுக்குப் போகும் கிழங்கோ வெந்நீர் பட்டதும் பழையபடி மெத்தென்று ஆக வேண்டும். பச்சைக் கிழங்கின் மாவுச்சத்து ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில், தண்ணீரோடு சேர்ந்துதான் வேகும். வேகாமல் காய்ந்த வில்லை, எவ்வளவு ஊறினாலும் நடுவில் நறுக்கென்றே இருக்கும். போதாததற்குக் கறுத்தும் போகும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டால் கறுப்பதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அதற்குக் காரணமான நொதியை அடக்குவது சூடு. மெல்லிய வில்லைகளைக் கொதிநீரில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு, குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் ஒற்றி எடுத்த பிறகுதான் உலர்த்தலைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி போடுவார்கள்: ‘ஆண்டீஸ் மலைக்காரர்கள் பச்சையாகத்தானே காயவைக்கிறார்கள்?’ உண்மைதான். பெரு, பொலிவியா மேட்டுநிலங்களில் ‘சுன்யோ’ என்ற உலர் கிழங்கு இன்காக்களின் காலத்துக்கும் முந்தையது. ஆனால் அங்கே பாதி வேலையைச் செய்வது வெயில் இல்லை, உறைபனி. ஜூன், ஜூலை இரவுகளில் வெட்டவெளியில் கிடக்கும் கிழங்கு உறைந்து, உள்ளே பனிப்படிகம் கட்டி, செல்சுவர்கள் உடைகின்றன. பகலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிந்தெடுக்கிறார்கள். வெள்ளைச் சுன்யோ என்றால் ஓடும் தண்ணீரிலும் பல நாள் கிடக்கும். அந்த மண்ணின் கசப்புக் கிழங்கிலுள்ள நச்சு வெளியேறுவது இப்படி உறைந்து, ஊறி, பிழிபடுவதால்தான். சித்திரை மாதத்துச் சென்னை மாடி இதில் எந்த வேலையைச் செய்யும்? கடலோர ஈரக்காற்றில் பகலெல்லாம் காய்ந்தது இரவில் மறுபடி நமத்துப்போகும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

நச்சை வெளியேற்ற அந்த வழி இங்கே இல்லை என்பதால்தான் ‘முளைவிட்ட, பச்சை படர்ந்த கிழங்கை வீணாக்காமல் உலர்த்திவிடலாம்’ என்ற சிக்கன யோசனையையும் ஒதுக்கச் சொல்கிறேன். பச்சை நிறத்தோடு கூடிவரும் சோலனின் என்ற நச்சு வெறுமனே காயவைப்பதால் போகாது, சாதாரணச் சமையலிலும் பெரிதாகக் குறையாது. தண்ணீர் போகப் போக, எடைக்கு எடை அடர்த்திதான் கூடும்.

‘சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் முடியும்’ என்பதும் சரியில்லை. மேல்பரப்பு இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். உலர்த்தும் கருவியான டீஹைட்ரேட்டரில் சுமார் 60 டிகிரி, 8 முதல் 12 மணி நேரம் போதும். வளைத்தால் வளையக் கூடாது, பட்டென்று ஒடிய வேண்டும்.

மசியல் பிரியர்கள் வேகவைத்த கிழங்கை மிக்ஸியில் அடித்து உலர்த்துகிறார்கள். கிடைப்பது பசை. பிளேடு செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே விட்டுவிடுவதுதான் காரணம். 1950களில் அமெரிக்க வேளாண் துறையின் ஃபிலடெல்ஃபியா வட்டார ஆய்வகத்தில் உருளைச் செதில்களை உருவாக்கியவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. கிழங்கை முதலில் 70 டிகிரிச் சொச்சத்தில் இதமாக வேகவிட்டு, குளிரவைத்து, பிறகு ஆவியில் வேகவைத்தார்கள். குளிரும்போது மாவுச்சத்து இறுகிக்கொள்வதால் ஒட்டும் தன்மை குறைகிறது. வீட்டில் இதற்கு எளிய வழி உண்டு: முழுதாக வேகவைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் துருவி உலர்த்துவது. என்னைக் கேட்டால் வில்லையைவிடத் துருவலே மேல். வெந்தது என்பதால் ஊறினால் போதும்; ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறதே என்ற கவலை இல்லை. தீ மூட்டக் கூடாத காட்டுப் பாதையில் பிளாஸ்க் வெந்நீரே மதியச் சாப்பாட்டை முடித்துவிடும். ஊறவைக்க வழியில் நல்ல தண்ணீர் கிடைக்கிறதா என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அதையும் வீட்டிலிருந்தே சுமந்தால் இத்தனை பாடும் எதற்கு?

நெய்யும் பாலும் முன்கூட்டியே சேர்த்து உலர்த்த வேண்டாம், கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். நெய்யைத் தனியாக எடுத்துப்போய் அங்கே ஊற்றிக்கொள்ளலாம்.

‘காய்ந்ததில் கிருமி இருக்காது’ என்பது கடைசி நம்பிக்கை. உலர்த்தல் கிருமியைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்திவைக்கிறது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும். தண்ணீர் பட்டதும் உலர்கிழங்கு மறுபடி சமைத்த கிழங்குதான். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், மிச்சத்தைக் காலைக்கு என்று கூடாரத்துக்குள் மூடி வைக்காதீர்கள்.