விடையைப் பூட்டிவைத்த மர்மக்கதை: ‘உமினேகோ’ தொடரும் அதன் வாசகர்களும்

துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு மற்ற நாவல்களுக்கு இல்லாத ஒரு கடமை உண்டு. கொலையாளி யார், எப்படிச் செய்தான், ஏன் செய்தான் என்னும் மூன்று வினாக்களுக்கும் அங்கே விடை கிடைத்தாக வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் வாசகர் முதல் பக்கத்தைப் புரட்டுகிறார். ஒரே நூலாக இருந்தால் இந்தக் கடன் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஒரு தொடரின் இறுதியில் ஆசிரியர் விடையை மூடி வைத்துவிட்டால் வாசகர் என்ன செய்வார்? ஜப்பானில் 2010ஆம் ஆண்டின் கடைசி நாளன்று வெளிவந்த ‘உமினேகோ நோ நாகு கோரோ நி’ தொடரின் எட்டாம் பகுதி இப்படித்தான் முடிந்தது. அதைப் படித்து முடித்தவர்களின் எதிர்வினையை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. கதையின் மறைபொருள்கள் சில இங்கே வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. இனிமேல் படிக்க எண்ணியிருப்போர் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

தொடரின் அமைப்பு

‘உமினேகோ’ என்பது ஜப்பானியக் கடற்கரைகளில் காணப்படும் ஒருவகைக் கடற்காகம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கடற்பூனை’. அதன் குரல் பூனை கத்துவதுபோல் இருப்பதால் வந்த பெயர் அது. தொடரின் தலைப்பை ‘கடற்காகங்கள் கத்தும் வேளையில்’ எனத் தமிழில் சொல்லலாம். இது அச்சு நூல் அன்று. கணினித் திரையில் எழுத்து, பின்னணிப் படம், இசை ஆகியவற்றோடு வாசிக்கப்படும் ‘ஒலி நாவல்’ என்னும் வகையைச் சேர்ந்தது. ரியூகிஷி 07 என்ற புனைபெயருடைய எழுத்தாளரும் அவருடைய சிறு குழுவும் இதனை உருவாக்கினர். தோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் காமிக் மார்க்கெட் என்னும் விற்பனைத் திருவிழாவில், 2007 ஆகஸ்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பகுதியாக எட்டுப் பகுதிகள் வெளியாயின. முதல் நான்கும் வினாப் பகுதிகள். பின் நான்கும் விடைப் பகுதிகள். முழுவதையும் படிக்க ஏறக்குறைய நூறு மணி நேரம் பிடிக்கும்.

கதை 1986ஆம் ஆண்டு அக்டோபர் 4, 5 ஆகிய இரு நாள்களில் ரொக்கென்ஜிமா என்னும் கற்பனைத் தீவில் நிகழ்கிறது. உஷிரோமியா என்னும் செல்வக் குடும்பத்தார் ஆண்டுக் கூட்டத்துக்காகத் தீவுக்கு வருகிறார்கள். புயல் அடிக்கிறது, படகு நின்றுவிடுகிறது. பூட்டிய அறைகளுக்குள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள். கொலைகளைச் செய்தவள் பியாத்ரிஸ் என்னும் சூனியக்காரி என்கிறது ஒரு தரப்பு. மனிதன்தான் செய்தான் என்று மறுக்கிறான் பேரன் பேட்லர். ஒவ்வொரு பகுதியிலும் அதே இரு நாள்கள் வேறு விதமாகத் திரும்ப நடக்கின்றன. இரு தரப்பினரும் சதுரங்கம் ஆடுவதுபோல் வாதிடுகிறார்கள். இந்த ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. சிவப்பு எழுத்தில் சூனியக்காரி சொல்வது ஆதாரம் தேவையற்ற உண்மை. நீல எழுத்தில் எதிராளி சொல்வது மனிதனால் செய்யக்கூடிய ஒரு விளக்கம்; அதை அவள் சிவப்பால் உடைத்தாக வேண்டும்.

ஆறு மாத இடைவெளி

ஜெர்மானியத் திறனாய்வாளர் வுல்ஃப்காங் ஈசர், ஒரு பனுவல் சொல்லாமல் விட்ட இடைவெளிகளை வாசகரே நிரப்புகிறார் என்றார். அவர் கருதியது பக்கங்களுக்குள் இருக்கும் இடைவெளியை. உமினேகோவிலோ இடைவெளி நாள்காட்டியிலும் இருந்தது. ஒரு பகுதி வந்ததும் வாசகர்கள் அடுத்த ஆறு மாதமும் சிவப்பு வாக்கியங்களை எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்த்து, கோட்பாடுகளை உருவாக்கினர். ஆசிரியர் எழுதியதைவிட வாசகர்கள் எழுதியதே அதிகமாக இருந்திருக்கும். பேட்லர் நீல எழுத்தில் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். எனவே அவர்களை வெறும் வாசகர் என்று சொல்வதைவிட ஆட்டக்காரர் என்று சொல்வதே பொருந்தும்.

இந்த உழைப்பு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். தீவில் பெயர் சொல்லப்பட்டவர்கள் பதினெட்டுப் பேர். குடும்பத் தலைவர் கின்சோ தொடக்கத்திலேயே இறந்துவிட்டார் என நான்காம் பகுதியில் சிவப்பு எழுத்து அறிவிக்கிறது. ஆகவே பதினேழு. பின்னர் எரிகா என்னும் துப்பறியும் பெண் விருந்தாளியாக வந்து சேர்கிறாள். ஆறாம் பகுதியின் முடிவில் தன்னைப் பதினெட்டாவது ஆள் என்று அவள் பெருமிதத்தோடு அறிவிக்க, அவளைச் சேர்த்தாலும் பதினேழே என்று சிவப்பில் பதில் வருகிறது. அப்படியானால் ஒருவர் எங்கே போனார்? பணிப்பெண் ஷானனும் பணியாள் கானனும் ஒரே ஆள் என்பதே விடை. சில வாசகர்கள் இதை முன்பே ஊகித்திருந்தனர். அவர்களை மற்றவர்கள் கேலி செய்ததும் உண்டு. 2009 டிசம்பரில் அந்த ஒரு வரி வந்தபோது ஊகித்தவர்கள் அடைந்த மகிழ்ச்சியை, எட்டுப் பகுதிகளையும் ஒரே மூச்சில் படிப்பவர் அடைய வழியில்லை. அவருக்கு அது அடுத்த பக்கத்தில் வரும் செய்தி. அன்றைய வாசகருக்கோ வழக்கில் கிடைத்த தீர்ப்பு.

இறுதிப் பகுதியும் எதிர்வினையும்

இத்தனை உழைப்புக்குப்பின் வந்த எட்டாம் பகுதி எஞ்ஜே என்னும் பெண்ணின் கதையாக அமைந்தது. 1986இல் அவளுக்கு ஆறு வயது. உடல்நலமின்றித் தீவுக்குப் போகாததால் உயிர்பிழைத்தவள். 1998இல் வளர்ந்த பெண்ணாக, தன் தாயும் தந்தையும் அண்ணனும் எப்படி இறந்தார்கள் என்பதை அறிந்தே தீருவேன் என்று நிற்கிறாள். அன்று தீவில் நடந்ததைச் சொல்லும் நாட்குறிப்பு ஒன்று அவள் கைக்குக் கிடைக்கிறது. அவள் படிக்கிறாள். வாசகருக்கு அதன் பக்கம் காட்டப்படுவதில்லை. கடைசியில் மிட்டாயை வைத்துச் செய்யும் ஒரு சிறு வித்தையைக் காட்டி, இது மாயமா தந்திரமா என்று வாசகரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது கதை. தந்திரம் என்றால் எஞ்ஜே யாரையும் நம்பாதவளாகித் துப்பாக்கி எடுக்கிறாள். மாயம் என்றால் குழந்தைகளுக்குக் கதை எழுதுபவளாக வாழ்ந்து, பல ஆண்டுகளுக்குப்பின் நினைவிழந்த அண்ணனைச் சந்திக்கிறாள்.

பலர் கொதித்தெழுந்தனர். மூன்று ஆண்டு உழைத்துப் பூட்டைத் திறக்க வந்தவனிடம், பூட்டு அழகாயிருக்கிறது பார் என்று சொன்னால் கோபம் வராதா? உண்மையில் ஆசிரியர் விடையே சொல்லவில்லை என்பது சரியன்று. ஏழாம் பகுதியில் வில்லர்ட் என்னும் பாத்திரம் முதல் நான்கு ஆட்டங்களின் கொலைகளுக்கும் விடுகதை போன்ற குறுந்தொடர்களில் விடை சொல்லிவிடுகிறது. (வில்லர்ட் ஹண்டிங்டன் ரைட் என்பது, 1928இல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்த எஸ். எஸ். வான் டைனின் இயற்பெயர்.) விடை தெரிந்தவருக்கு அந்தத் தொடர்கள் போதும். தெரியாதவருக்கு அவையும் புதிரே. தேர்வு எழுதியவனிடம் சரியா தவறா என்று சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தது போலாயிற்று.

ஆனால் கோபத்தின் வேர் இதில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. எட்டாம் பகுதியில் ஆட்டுத்தலை கொண்ட பெருங்கூட்டம் ஒன்று மாளிகையைத் தின்று அழிக்க வருகிறது. அவை நீல எழுத்தில் கத்துவதெல்லாம் கொலைகளுக்கான விளக்கங்கள். கதைக்குள் அவை, ரொக்கென்ஜிமா நிகழ்வை வேடிக்கைப் பொருளாக்கி, செத்தவர்களின் பெயரை இழுத்து ஊகம் செய்து பொழுதுபோக்கிய வெளியுலகத்தாரின் உருவம். ஆனால் திரைமுன் இருந்த வாசகர், ஆடுகளின் வாயில் தம் சொந்தக் கோட்பாட்டையே கண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை யோசியுங்கள், யோசியுங்கள் என்று தூண்டிவிட்டு, யோசித்தவரை மந்தை என்று காட்டியது பொறுக்க முடியாததாக இருந்தது. விடை மறைத்ததை மன்னித்தவர்கள்கூட இதை மன்னிக்கவில்லை.

இதற்கு ஜப்பானிய மரபில் முன்னோடி உண்டு. நகாய் ஹிதேயோ 1964இல் வெளியிட்ட ‘கியோமு எ நோ குமோட்சு’ (சூனியத்துக்குப் படையல்) என்னும் நாவல், 1954இல் புயலில் மூழ்கிய தோயா மாரு கப்பலில் உறவினரை இழந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்த உண்மையான விபத்து அது. நாவலின் முடிவில், பிறர் சாவைப் புதிராக்கி ரசிக்கும் பார்வையாளர்களை நோக்கியே குற்றச்சாட்டு திரும்புகிறது. இத்தகைய நூல்களை ‘எதிர்மர்மக் கதை’ என்பர். அந்நூலைப் படித்துப் பழகியவர்களுக்கு உமினேகோவின் முடிவு அந்நியமாகத் தோன்றியிராது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நகாய் தம் வாசகரை ஒரு நூலளவே உடன் அழைத்துச் சென்றார். ரியூகிஷி மூன்று ஆண்டு அவர்களோடு விளையாடினார். விளையாட்டுத் தோழனிடமிருந்து வரும் கண்டனம் வேறு மாதிரி வலிக்கும்.

ஆசிரியரின் முந்தைய தொடரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2002 முதல் 2006 வரை எட்டுப் பகுதிகளாக வந்த ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’யில் அவர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். அப்போது எழுந்த குறை, விடை நியாயமான துப்பறியும் விடையாக இல்லை என்பது. சொன்னாலும் குறை, சொல்லாவிட்டாலும் குறை என்று கேலியாகச் சொல்லலாம். ஆனால் ஹிகுராஷியைப் படித்து வந்த வாசகரின் எதிர்பார்ப்பு, இறுதியில் முழு விளக்கம் வரும் என்பதாகவே இருந்தது. ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் கூறிய ‘எதிர்பார்ப்பு எல்லை’யை இங்கே ஆசிரியரே முன்பு வரைந்து, பின்பு தாமே அழித்தார்.

மறுபக்கம், முடிவைக் கண்டு அழுதவர்களும் இருந்தனர். அவர்கள் எஞ்ஜேயைப் பின்பற்றி வாசித்தவர்கள். செத்தவர்களுள் யார் கொலைகாரர் என்று தெரிந்துகொள்வதால் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? கொலையாளி தன் பெற்றோராகவே இருக்கக்கூடும் என்பதை ஏழாம் பகுதி ஏற்கெனவே காட்டிவிட்டது. உண்மையைத் தெரிந்துகொண்டபின் அதை ஊரார் முன் விரிக்காமல் மூடிவைக்க அவளுக்கு உரிமை உண்டா இல்லையா என்பதே எட்டாம் பகுதியின் வினா. இந்த வினாவை ஏற்றுக்கொண்டவருக்கு மூடிய நாட்குறிப்பு ஏமாற்றமாகத் தோன்றவில்லை. துக்க வீட்டில் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்காமல் எழுந்து வருவதுபோல் இருந்தது. நானும் இவர்கள் பக்கமே. நாட்குறிப்பை மூடியது சரி. ஆடுகளைக் கொண்டுவந்தது தேவையற்ற சீண்டல்.

பிற்கால வாசகர்கள்

நட்சுமி கேய் வரைந்த எட்டாம் பகுதியின் மங்கா வடிவம் 2012 முதல் 2015 வரை வெளிவந்தது. அதில் சூனியக்காரியின் வாக்குமூலம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஒருவரே பலராக வாழ்ந்த காரணம், பூட்டிய அறைகளின் சூட்சுமம், கொலைக்குத் தூண்டிய மனவேதனை எல்லாம் அங்கே தெளிவாக வந்தன. முடிவில் மாற்றமில்லை. அதே எஞ்ஜே, அதே அண்ணன். ஆயினும் 2010இல் வெறுத்தவர்கள் பலர் மனம் இளகினர். கணக்கு சரிபார்க்கப்பட்டபின் அவர்களால் அழ முடிந்தது. முதலில் கோபித்தவர்கள் கதையின் உணர்வு புரியாதவர்கள் என்ற பழி இதனால் பொருளற்றதாகிறது. அவர்கள் கேட்டது தங்கள் உழைப்புக்கு ஒரு மதிப்பெண், அவ்வளவே.

ஆங்கிலத்தில் அதிகாரபூர்வப் பதிப்பு 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் கிடைத்த பிறகு வந்தவர்களின் நிலை வேறு. இவர்களுக்கு ஆறு மாதக் காத்திருப்பு இல்லை. பந்தயம் கட்டிய கோட்பாடும் பெரும்பாலும் இல்லை. ஆடுகளைக் கண்டு இவர்கள் புண்படுவது குறைவு, ஏனெனில் ஆடுகளின் வாயில் இருப்பது வேறு யாருடைய பேச்சோ. எட்டாம் பகுதியை இவர்களுள் பலர் தொடரின் சிகரம் என்று போற்றுவதும், முதல் தலைமுறையினர் அதைக் கேட்டு முகம் சுளிப்பதும் இதனால்தான். 2019இல் தொடர் முழுவதையும் ஒரு புதிய கதையோடு சேர்த்துத் தொகுத்த பதிப்பு வந்தபோதும், மங்காவின் வாக்குமூலம் எட்டாம் பகுதியில் சேர்க்கப்படவில்லை. திரையில் படிப்பவருக்கு இன்றும் எஞ்ஜேயின் முகம் மட்டுமே தெரிகிறது; அவள் கையிலுள்ள நாட்குறிப்பின் பக்கம் தெரிவதில்லை.