பழங்காசு விற்பனையும் வரியும்: சேதுக் கரையின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

இராமநாதபுரம், கீழக்கரை, இராமேசுவரம் வட்டாரத்தின் பழைய வீடுகளில் இருக்கக்கூடிய நாணயங்கள் பல வழிகளில் வந்தவை. சேதுபதிகள் வெளியிட்ட செப்புக் காசுகளும், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காளை உருவின் கீழ்ச் 'சேது' என்று பொறித்து வெளியிட்ட காசுகளும், கடல் கடந்து பொருளீட்டியோர் கொண்டுவந்த இங்கிலாந்துச் சவரன்களும், விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய வெள்ளி ரூபாய்களும் அவற்றுள் அடங்கும்.

பூசைப் பெட்டியில் வைத்த காசு வீட்டுப் பொருளே ஆதலால் அதை விற்றால் வரியில்லை என்பதே பரவலான நம்பிக்கை. வருமான வரிச் சட்டம் ஒருவர் தாமே பயன்படுத்தும் உடை, தட்டுமுட்டுச் சாமான் போன்ற அசையும் பொருள்களை 'மூலதனச் சொத்து', அதாவது விற்று ஈட்டும் ஆதாயத்திற்கு வரி விதிக்கத்தக்க சொத்து, என்னும் வரையறையிலிருந்து விலக்கியிருப்பது உண்மைதான். ஆனால் ஓர் அரச குடும்பம் இலக்குமி பூசையில் வைத்து வழிபட்ட தங்கச் சவரன்களும் வெள்ளி நாணயங்களும் இவ்விலக்கில் அடங்குமா என்னும் வழக்கில், 1976இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அன்றாடம் உடனிருந்து பயன்படும் பொருளே தனிப்பட்ட உபயோகப் பொருள் என்றும், ஆண்டில் சில நாள் பூசைக்கு எடுக்கப்படும் காசு அத்தகையது அன்று என்றும் தெளிவுபடுத்தியது. பின்னர் 2007ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் தொல்லியல் சேகரிப்புகளையும் கலைப்பொருள்களையும் அவ்விலக்கிலிருந்து வெளிப்படையாகவே நீக்கியது.

இதற்கு நேரெதிராக, விற்ற தொகை முழுவதற்கும் வரி கட்ட வேண்டும் என்று அஞ்சிக் காசை உருக்கக் கொடுப்போரும் உண்டு. வரலாற்றுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. வரி ஆதாயத்திற்கு மட்டுமே உரியது. பாட்டனாரிடமிருந்து வந்த காசாயின் அவர் வாங்கிய விலையே அடக்க விலையாகும். அது 2001 ஏப்ரல் 1க்கு முன் குடும்பத்திற்கு வந்திருந்தால், அந்நாளில் நிலவிய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. முன்னோர் வைத்திருந்த காலமும் சேர்த்தே எண்ணப்படுவதால், மொத்தம் 24 மாதங்களைக் கடந்த உடைமை நீண்டகால உடைமையாகி, 2024 ஜூலை 23 முதல் ஆதாயத்தில் 12.5 விழுக்காடு வரிக்கு உள்ளாகிறது. சான்றாக, 2001இல் 4,000 ரூபாய் மதிப்புடைய காசு 60,000 ரூபாய்க்கு விற்றால், ஆதாயமான 56,000 ரூபாய்க்கு வரி 7,000 ரூபாயும் அதன்மீது சிறு கூடுதல் தீர்வையும் ஆகும். விற்றவரின் மொத்த வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டாவிடில் அதுவும் இராது. ஆகவே, காசின் மதிப்பைக் காட்டும் பழைய சீட்டோ மதிப்பீட்டாளரின் சான்றோ பேணத்தக்கது. வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவரது ஆதாயம் தொழில் வருமானமாகும்.

சரக்கு மற்றும் சேவை வரி இதனின்றும் வேறானது. நாணயவியல் மதிப்புடைய காசுகளுக்கு 5 விழுக்காடும், தங்கம், வெள்ளி நாணயங்களுக்கு 3 விழுக்காடும் வணிகர் வசூலிப்பர். குடும்பக் காசைத் தொழில் நோக்கமின்றி விற்கும் தனிநபர் இவ்வரியை வசூலிக்கவோ செலுத்தவோ வேண்டியதில்லை.

வரி பற்றிய இந்தத் தெளிவின்மை மோசடிக்கும் வழிவிட்டது. பழைய காசைப் பெருந்தொகைக்கு வாங்கிக்கொள்வதாகவும், அதற்கு முன்பணமாக வரியும் தரகும் செலுத்த வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் பெயரையும் இலச்சினையையும் காட்டி ஏமாற்றுவோர் இருப்பதாக அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழங்காசு வணிகத்தில் அது ஈடுபடுவதில்லை; அதன் பெயரில் கட்டணம் பெற எவருக்கும் அது அதிகாரம் அளித்ததுமில்லை.

மண்ணிலிருந்து கிடைத்த காசின் நிலை முற்றிலும் வேறு. வைகை கடலோடு கலக்கும் பகுதியை அடுத்த அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் உரோமானியக் காசுகள் கிடைத்திருப்பதால், இக்கரையின் மண் எத்தகையது என்பது தெரிந்ததே. இங்கு முதற்கேள்வி வரியன்று, உரிமை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடந்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எப்பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தம் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறையும் நேரலாம். தெரிவித்தால் அரசு வெறுமனே பறித்துக்கொள்ளும் என்பதும் தவறான எண்ணமே: உரிமை கோருவோர் இல்லாத புதையலை அரசு கையகப்படுத்தினால், அதன் மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகக் கருதப்படுவதால், வரி முழுவதும் கட்டியிருந்தாலும் அதைத் தனியார் எவரும் நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்ல 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடந்தருவதில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையிலுள்ள தலைமன்னாருக்கும் இத்தடை பொருந்தும்.