பழைய சரக்கு வண்டியின் பானட் லாக்: பழுது பார்க்கும் முறை

மாட்டு வண்டிக்குக் கடையாணி எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாத சிறு உறுப்புகள் இன்றைய மோட்டார் வண்டியிலும் சில உள்ளன. எஞ்சினை மூடியிருக்கும் முன்மூடியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி அவற்றுள் ஒன்று. ஓட்டுநர்கள் மூடியைப் பானட் என்றும், கொக்கியைப் பானட் லாக் என்றும் வழங்குவர். நாமும் அப்பெயர்களையே இங்குக் கையாளுகிறோம்.

சென்ற தக்காளிப் பருவத்தில் நம் வட்டாரத்து விவசாயி ஒருவர் தம் பழைய வண்டியில் சந்தைக்குச் சரக்கு ஏற்றிச் சென்றார். லாக் தேய்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பானட்டைக் கயிற்றால் கட்டி ஓட்டி வந்தார். நெடுஞ்சாலையில் எதிரே விரைந்து வந்த பேருந்தின் காற்று மோதவும் கயிறு அறுந்தது. பானட் மேலெழுந்து முன்கண்ணாடியை முழுவதும் மறைத்துவிட்டது. வண்டி சாலையோர மண்ணில் இறங்கி நின்றதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் கண்ணாடி நொறுங்கிற்று, கூடைகள் சரிந்தன, அன்றைய வருவாய் போயிற்று. மறுநாள் பட்டறையில் லாக்கைக் கழற்றியபோது நாமும் உடனிருந்தோம். காய்ந்த கிரீஸில் மண் படிந்து இறுகிக் கிடந்ததே குறையின் பெரும் பகுதி என்று தெரிந்தது. அந்தக் கயிற்றை நாம் முன்பே பன்முறை பார்த்திருந்தோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்குறையை ஈடு செய்யவே இதனை எழுதுகிறோம்.

அமைப்பு

பானட்டின் அடிப்புறத்தில் ஒரு கம்பி முளை இருக்கும். அதனைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் இருக்கும். பானட்டை மூடும்போது முளை, வண்டியின் முன்சட்டத்திலுள்ள துளைக்குள் இறங்கும். அங்குள்ள தகடு முளையின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். ஓட்டுநர் இருக்கையருகே உள்ள கைப்பிடியை இழுத்தால், கேபிள் அத்தகட்டை நகர்த்தி முளையை விடுவிக்கும். பல வண்டிகளில் அமைப்பு இவ்வாறே. சிலவற்றில் முளைக்குப் பதிலாக வளையம் இருக்கும்.

இதனோடு இரண்டாவது கொக்கி ஒன்றும் உண்டு. முதற்பிடி தவறினாலும் பானட் முழுவதும் திறந்துவிடாமல் தடுப்பது இதுவே. விரலால் தள்ளினாலன்றி இது விடாது. திறந்தால் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் பானட்டுக்கு இத்தகைய இரண்டாவது பிடி இருத்தல் வேண்டுமென்று அமெரிக்காவில் 1969 முதலே விதி உள்ளது. இதன் முக்கியத்துவம் அதனால் விளங்கும்.

கெடுவது ஏன்?

வயற்பாதையின் புழுதியும் வைக்கோல் தூசும் கிரீஸில் ஒட்டி, அரப்பொடி போலாகி இரும்பைத் தின்கின்றன. பானட்டின் இரு மூலைகளிலும் உள்ள ரப்பர் கட்டைகள் தேய்ந்தால் பானட் ஆடும்; அந்த ஆட்டம் முளையின் கழுத்தையும் தகட்டின் விளிம்பையும் மழுங்கச் செய்யும். பின்புறக் கீல்களின் போல்ட் தளர்ந்தால் முளை துளைக்கு நேராக இறங்காது. ஆகவே, லாக்கை மாற்றுமுன் இம்மூன்றையும் பார்த்தல் வேண்டும். இல்லையேல் புதிய லாக்கும் விரைவில் தேயும்.

செய்முறை

முதலாவதாக, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். பானட்டை அதற்குரிய தாங்குகம்பியில் உறுதியாக நிறுத்த வேண்டும்.

இரண்டாவதாக, லாக், முளை, இரண்டாம் கொக்கி ஆகியவற்றை டீசலில் நனைத்த பிரஷால் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். அசையும் இடங்களில் புதிய கிரீஸை மெல்லிதாகத் தடவ வேண்டும். அப்பினால் மீண்டும் புழுதியே சேரும்.

மூன்றாவதாக, கீல் போல்ட்களை இறுக்கி, முளை துளையின் நடுவே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த ரப்பர் கட்டைகளை மாற்ற வேண்டும்.

நான்காவதாக, முளையின் நீளத்தைச் சரி செய்ய வேண்டும். அதன் அடியிலுள்ள நட்டைத் தளர்த்தித் திருப்புளியால் முளையைத் திருப்பலாம். பானட் மூடியபின் ஆடினால் முளையைச் சிறிது குறுக்க வேண்டும். கவ்வாமல் நின்றால் சிறிது நீட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. முடிந்தபின் நட்டை இறுக்க மறக்கலாகாது.

தேய்மானம் மிகுந்திருந்தால் லாக்கையும் முளையையும் புதிதாக வாங்கி மாற்றுவதே முறை. புதியது கிடைக்காத பழைய வண்டியாயின், முளையைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுசென்று, தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு வெல்டிங்கால் நிரப்பி அரத்தால் பழைய வடிவுக்குக் கொண்டுவரலாம். வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் செய்தல் தீ விபத்துக்கு வழி. ஸ்பிரிங்கைச் சூடாக்குவதும் கூடாது. அதன் விறைப்பு போய்விடும். இரண்டாம் கொக்கி வளைந்தோ விரிசல் கண்டோ இருந்தால் புதியதே போட வேண்டும்.

சோதனை

பானட்டை மூடுமுன், திருப்புளியால் தகட்டை மூடிய நிலைக்குத் தள்ளிப் பின் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். தகடு விடுபட்டால் மட்டுமே மூடுங்கள். இல்லையேல் மூடிய பானட்டைத் திறப்பது பெரும்பாடாகிவிடும். மூடியபின் கைப்பிடியை இழுத்தால் பானட் சிறிதளவே எழ வேண்டும். அந்நிலையில் கையால் தூக்கினாலும் இரண்டாம் கொக்கி அதனை விடாதிருத்தல் வேண்டும். இச்சோதனையில் தவறிய வண்டியைச் சாலையில் ஓட்டலாகாது.

ஓடும்போது பானட் திறந்துகொண்டால் திடீரென்று பிரேக் போடலாகாது. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, பானட்டின் கீழுள்ள இடைவெளி வழியாகவோ பக்கச் சன்னல் வழியாகவோ பார்த்து, இடப்புறம் ஒதுங்க வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆயினும் அச்சான்று ஒரு நாளைய சோதனையே. தேய்மானமோ ஆண்டு முழுவதும் நடப்பது. பஞ்சாயத்து வண்டிகளுக்கு மாதம் ஒரு முறை இச்சோதனையைச் செய்து, நாளும் கண்ட குறையும் வண்டிப் பதிவேட்டில் எழுதிவைக்க உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். ஊரில் எவருடைய வண்டியிலேனும் பானட்டைக் கயிற்றால் கட்டியிருக்கக் கண்டால், நாம் இருந்தது போல் வாளா இராமல், உரியவரிடம் அன்று மாலையே எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.